மழையில் பம்பாய் பார்க்க

ஆன்டாப் ஹில், மும்பை
20 ஏப்ரல் 2025

அண்ணி,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டுவிடுவீர்கள் என்கிறார் ஆண்ட்ரூ. இந்த வரி வரைக்கும் வந்துவிட்டீர்கள் என்றால் மிச்சத்தையும் படித்துவிடுங்கள், அப்புறம் கிழிக்கலாம். நீங்கள் என் போனை எடுப்பதில்லை. நைனா எடுத்தால் ஸ்பீக்கரில் போட்டு குப்பத்துக்கே கேட்க வைக்கிறார். வேறு வழியில்லாமல்தான் தபாலுக்கு வந்தேன். ஸ்டாம்பு வாங்கப் போனால் போஸ்ட் ஆபீஸ் அம்மா என்னை மியூசியத்திலிருந்து வந்தவள் மாதிரி பார்க்கிறாள்.

ரஞ்சித் அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஒரு வருடம் ஆனபோது, ‘காரியத்தை முடிச்சிடுங்க அண்ணி’ என்று சொன்னேன். அன்றைக்கு நீங்கள் வைத்த போன்தான். அதை மறுபடி கிளற வரவில்லை. வேறு ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

பம்பாய் வாருங்கள். நீங்கள், நைனா, செங்கொடி, மூன்று பேரும். ஜூன் இரண்டாவது வாரம். எங்கள் முதலாளியின் ஃபிளாட் ஒன்று மாட்டுங்காவில் சும்மா கிடக்கிறது. லிஃப்ட் இருக்கிறது, ஏ.சி. இருக்கிறது, கீழேயே இட்லி கிடைக்கிறது. ஒரு வாரம் தங்கலாம் என்று சாவியே கொடுத்துவிட்டார். நைனாவுக்கு கீழ் பர்த் வாங்கிவிடுகிறேன். செங்கொடிக்குப் பன்னிரண்டு வயது. பேசின் பிரிட்ஜைத் தாண்டி ஒரு ரயிலில் போயிருக்கிறாளா, சொல்லுங்கள்?

உங்கள் நாத்தனார்,
ஜோதிகா


திருவொற்றியூர் குப்பம்
2 மே 2025

ஜோதிகா,

கிழிக்கவில்லை. செங்கொடி பிடுங்கிப் படித்துவிட்டாள். அன்றையிலிருந்து பள்ளிக்கூட அட்லஸை வைத்துக்கொண்டு எந்த ஸ்டேஷனில் எப்போது சாப்பாடு வரும் என்று என் உயிரை வாங்குகிறாள். நல்ல வேலை செய்தாய் போ.

உனக்குத் தெரியாததா? கடலில் போனவர் உடம்பு வந்து சேராத வீட்டை நம் குப்பத்தில் பூட்டமாட்டோம். வருகிறவர் வாசலில் பூட்டைப் பார்த்துத் திரும்பிவிடக் கூடாது. ஐந்து வருடமாக இந்தக் கதவில் பூட்டு விழவில்லை. நான் தேரடியில் மீன் விற்கப் போனால் உன் நைனா வீட்டில் இருப்பார். அவர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனால் நான் இருப்பேன். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குக் கூடப் போனதில்லை.

சிரிப்பாய். சிரித்துக்கொள். மத்தியானம் காற்று திரும்புகிற நேரத்தில் இந்தக் கதவு தானாகத் திறக்கிறது. உன் நைனா பாயில் படுத்தபடியே, “ரஞ்சித்தா? கால கழுவிகினு உள்ள வாடா” என்பார். செங்கொடி எழுந்து போய்ப் பார்ப்பாள். வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள். ஆனால் டீசல் வாசனை அடிக்கும். எனக்கு மட்டும் இல்லை, மூன்று பேருக்கும் அடிக்கும். சில நாள் உன் அண்ணன் உட்காருகிற சுவரோரம் தரை ஈரமாக இருக்கும். நான் துடைப்பதில்லை.

பக்கத்து வீட்டு மங்கம்மா அக்காவும் தினம் வருகிறார். அவர் மகன் திலீப் உன் அண்ணன் போட்டில்தான் போனான். வானம் சரியில்லை, வேண்டாம் என்று அந்தம்மா கையைப் பிடித்து இழுத்தும், “நான் பாத்துக்கிறேன் அக்கா” என்று உன் அண்ணன்தான் அவனைக் கூட்டிப்போனார். திலீப் மூன்றாம் நாள் எண்ணூர் முகத்துவாரத்தில் பிணமாக ஒதுங்கினான். அந்தம்மா வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார். “வந்தானா?” “இல்லக்கா.” “வந்தா என்கைல சொல்லு. எம்புள்ளைய எங்க வுட்டுட்டு வந்தன்னு ஒரே ஒரு வார்த்த கேக்கணும்.” கேட்டுவிட்டுப் போய்விடுவார். இதற்குப் பதில் சொல்ல நான் இங்கே இருந்தாக வேண்டும்.

மாமாவையும் செங்கொடியையும் அனுப்புகிறேன். நான் வரவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். பம்பாயில் மழை கொட்டும். மே மாதத்தை விட்டுவிட்டு ஜூனுக்கு ஏன் கூப்பிடுகிறாய்?

மோகனப்ரியா


மும்பை
11 மே 2025

அண்ணி,

பதில் போட்டீர்களே, அதுவே போதும். ஆண்ட்ரூ பந்தயத்தில் தோற்றுப் போனார்.

டீசல் வாசனையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். திருவொற்றியூரில் டீசல் வாசனை அடிக்காத வீடு எது அண்ணி? லாரி எல்லாம் நம் வாசலில்தானே நிற்கிறது? சரி, கோபப்படாதீர்கள்.

மே மாதம் இங்கே வேகிறது. மழை விழுந்துவிட்டால் கொஞ்சம் தேவலை. மழை உங்களைத் தொடாத மாதிரி எல்லாம் யோசித்து வைத்திருக்கிறேன். லோக்கல் ரயில் கிடையாது, எங்கே போனாலும் டாக்ஸி. ஒரு நாளைக்கு ஒரே இடம். காலையில் போய்விட்டு மத்தியானம் வந்து ஏ.சி.யில் படுத்துவிடலாம், சாயங்காலம் மழை விட்டால் மறுபடி இறங்கலாம். தோல் செருப்பு வேண்டாம், ரப்பர் செருப்பே போட்டு வாருங்கள். செங்கொடிக்கு மஞ்சள் மழைக்கோட்டு வாங்கிவிட்டேன், கொஞ்சம் பெரிசாகத்தான் இருக்கும், வளருகிற பெண்தானே. முதல் நாள் ஓய்வு. இரண்டாம் நாள் கொலாபா பக்கம், அங்கே சசூன் டாக் என்று மீன்பிடித் துறை இருக்கிறது, நைனாவுக்குப் பிடிக்கும். அப்புறம் மாடி பஸ், கேட்வே, அலை அடிக்கிற கடற்கரை ரோடு.

நைனாவும் செங்கொடியும் மட்டும் வருவது நடக்காது. நீங்கள் வந்தே தீர வேண்டும். இதில் மட்டும் பிடிவாதம் பிடிக்காதீர்கள். வீட்டில் வேறு யாரையாவது உட்கார வையுங்கள். ஜூன் பதினைந்துக்கு மேல் ஃபிளாட்டை வேறு யாருக்கோ கொடுக்கிறார்களாம், அதனால் அதற்குள் வர வேண்டும்.

ஜோதிகா


திருவொற்றியூர்
19 மே 2025

ஜோதிகா,

கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர்களை ஆயிரம் மைல் தாண்டி வரவழைத்து அலையையும் மீன்பிடித் துறையையும் காட்டுகிறேன் என்கிறாய். காசிமேட்டில் இல்லாத எதை அங்கே வைத்திருக்கிறார்கள்? படித்துவிட்டு முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

நான் மீன்காரி. இங்கே மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரலில் பிடித்து ஜூன் நடுவில் விடும். உங்கள் பக்கத்துக் கடலில் ஜூன் ஒன்றாம் தேதிதான் தடை ஆரம்பம். மே மாதம் நாங்கள் வந்தால் அங்கே ஆள்கள் எல்லோரும் கடலில் இருப்பார்கள். ஜூனில் வந்தால் போட்டு எல்லாம் கட்டி வைத்து, ஆள்கள் கரையில் உட்கார்ந்திருப்பார்கள். மழை பெய்தாலும் பரவாயில்லை, பள்ளிக்கூடம் போனாலும் பரவாயில்லை, ஜூனில்தான் வர வேண்டும், நான்தான் வர வேண்டும், இரண்டாம் நாளே அந்தத் துறைக்குப் போக வேண்டும்.

கரையில் இருக்கிற யாரை எனக்குக் காட்டப் போகிறாய்?

முதலாளி ஃபிளாட்டு, மஞ்சள் மழைக்கோட்டு என்று சுற்றி வளைக்காமல் எழுது. செங்கொடி கண்ணில் படாமல் இருக்க, தேரடியில் பொன்ராஜ் அண்ணன் மளிகைக்கடை விலாசத்துக்குப் போடு.

மோகனப்ரியா


மும்பை
26 மே 2025

அண்ணி,

மார்ச் மாதம் மீன் வாங்க சசூன் டாக் போயிருந்தேன். ஒரு ஆள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, இடது கையால் ஊசி போட்டார். முதுகை மட்டும்தான் பார்த்தேன். அப்படியே மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட்டேன்.

முன்னால் போய்ப் பார்த்தேன். தாடி வெள்ளையாக இருக்கிறது. ஒடிந்து போன உடம்பு. ஒரு பக்கம் பார்த்தால் அண்ணன், இன்னொரு பக்கம் பார்த்தால் யாரோ. ‘எந்த ஊர்?’ என்று இந்தியில் கேட்டேன். ‘காக்கிநாடா’ என்றார். உடனே வலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை அண்ணி. ஆண்ட்ரூவைக் கட்டிக்கொண்டு நான் வீட்டை விட்டு வந்த பிறகு அண்ணன் என்னோடு பேசியதே இல்லை. நான் அவரைக் கடைசியாகப் பார்த்து எட்டு வருடம் ஆகிறது. அந்த எட்டு வருடத்தில் ஒரு ஆள் எப்படி மாறுவார் என்று எனக்கு என்ன தெரியும்?

அப்புறமும் போனேன். சில நாள் இருப்பார், சில நாள் போட்டில் போயிருப்பார். அங்கே கணக்குப் பார்க்கிற லியோனார்ட் என்பவரிடம் பேச்சுக் கொடுத்தேன். தடைக்காலம் வந்தால் எல்லா ஆள்களும் ஊருக்குப் போய்விடுவார்களாம். அந்த ஆள் மட்டும் எந்த வருடமும் போவதில்லையாம். போட்டிலேயே சமைத்துத் தின்றுகொண்டு மழையோடு மழையாக வலை பின்னிக்கொண்டு கிடப்பாராம். ‘ஊரில் யாரும் இல்லை போலிருக்கு’ என்றார்.

போட்டோ எடுக்கப் போனேன், எடுக்காமலே போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். நைனாவிடம் சொன்னால் அன்றைக்கே செத்துப்போவார். உங்களிடம்தான் சொல்ல முடியும். போனில் சொல்லியிருந்தால் நீங்கள் நம்பியிருக்கமாட்டீர்கள், நானும் சொல்லி முடித்திருக்கமாட்டேன். ஊர் பார்க்கக் கூப்பிட்டது பொய் இல்லை. செங்கொடி வர வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டேன். ஆனால் நீங்கள் அந்த ஆளை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். நான் ஒருத்தியாக இதைச் சுமந்துகொண்டு கிடக்க முடியவில்லை. வந்துவிடுங்கள்.

ஜோதிகா


திருவொற்றியூர்
3 ஜூன் 2025

அடிப் பாவி,

மார்ச் மாதம் பார்த்தாய். நான் மார்ச்சிலிருந்து இந்த வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதத்தைப் பொன்ராஜ் அண்ணன் கடையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். அவர் வாய்க்குள் ஏதோ கேட்டார், சோடா உடைத்துக் கொடுத்தார். என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

நீ எனக்கு என்ன பண்ணி வைத்திருக்கிறாய் தெரியுமா? அந்த ஆள் உன் அண்ணன் இல்லை என்றால், என் கண்ணாலேயே பார்த்து இல்லை என்று சொல்லிவிட்டு வர வேண்டும். அப்புறம் நான் எந்த முகத்தோடு இந்தக் கதவைத் திறந்து வைப்பேன்? அவர்தான் என்றால் அது அதைவிட மோசம். உயிரோடு இருக்கிறார், கை கால் இருக்கிறது, மதராசுக்கு ரயில் இருக்கிறது, வரவில்லை. ஐந்து வருடமாக நான் கதவைத் திறந்து வைத்ததும், தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும், செங்கொடி, “எப்பம்மா வருவாரு” என்று கேட்டபோதெல்லாம், “வந்துகினே கீறாருடி” என்று சொன்னதும் யாருக்காக? இரண்டில் எது வேண்டும் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். எதுவும் வேண்டாம் என்றுதான் வருகிறது. நீ பார்த்திருக்கவே கூடாது.

இனிமேல் கதவு திறந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. முன்பு இருந்ததில்லை. நேற்று மத்தியானம் உன் நைனா, “யார்ரா?” என்றதும் எழுந்து போய்ச் சாத்திவிட்டேன். அவர் என்னையே பார்த்தார்.

வருகிறேன். டிக்கெட் போடு. வீட்டில் யார் இருப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மங்கம்மா அக்கா வந்து நின்றார். “இன்னாமே, பம்பாய்க்காமே? கொயந்த சொல்லிச்சு. போய்ட்டு வா. வூட்ட நா பாத்துக்கிறேன். வந்தான்னா மொதல்ல என்னத்தான பாக்கணும்” என்றார். சரிக்கா என்றேன்.

மாமாவுக்கோ செங்கொடிக்கோ ஒரு வார்த்தை தெரியக் கூடாது. அவர்களைப் பொறுத்தவரை நாங்கள் ஊர் பார்க்க வருகிறோம். மாடி பஸ்ஸில் ஏற்று, இட்லி வாங்கிக் கொடு, எல்லாம் செய். துறையில் நான் சொல்லாமல் நீ யாரிடமும் போய் நிற்காதே.

மோகனப்ரியா


மும்பை
29 ஜூன் 2025

அண்ணி,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று நைனா போனில் சொன்னார். செங்கொடியின் மழைக்கோட்டு இங்கேயே கிடக்கிறது, பார்சலில் அனுப்புகிறேன். ஃபிளாட்டில் அவள் ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்துவிட்டு இரண்டு போர்வை போட்டுக்கொண்டு கிடந்ததை நினைத்து ஆண்ட்ரூ இன்னும் சிரிக்கிறார்.

‘இல்ல, வேற ஆளு’ என்று நீங்கள் சொன்னதும் எனக்கு நிம்மதியா, துக்கமா என்றே தெரியவில்லை. உங்களை இவ்வளவு தூரம் அலைக்கழித்துவிட்டேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனேன். தடைக்காலத்தில் என்ன மீன் என்று கேட்பீர்கள். சரி, அந்த ஆளைப் பார்க்கத்தான் போனேன். ஆளைக் காணோம். வலை பாதியில் கிடந்தது, ஊசி அதிலேயே குத்தியிருந்தது. நாம் வந்துபோன அன்றைக்குச் சாயங்காலமே போய்விட்டாராம். கொட்டுகிற மழையில் ஒரு பையோடு போனாராம். லியோனார்ட்டிடமும் சொல்லவில்லை.

வேற ஆள் என்றால் அவர் ஏன் போனார் அண்ணி?

ஜோதிகா


திருவொற்றியூர்
12 ஜூலை 2025

ஜோதிகா,

இதை ஆண்ட்ரூவுக்குக்கூடப் படித்துக் காட்டாதே.

உன் அண்ணனுக்குக் கருமாதி முடித்துவிட்டோம். மாமாவிடம் நானே சொன்னேன். “பம்பாய் வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன் மாமா, இனிமே எனுக்கு காத்துகினு இருக்க முடியாது” என்றேன். கிழவர் சண்டை போடுவார் என்று நினைத்தேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “நா சொல்றதுக்கு பயந்துகினு இருந்தம்மா” என்றார். உன் அண்ணனுடைய சட்டையையும் லுங்கியையும் வைத்துக் கடற்கரையில் கொளுத்தினோம். தாலியை நானே கழற்றினேன். ஒருத்தியையும் கிட்டே விடவில்லை.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன்.

அவர்தான்.

நீ நைனாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு போட்டு எல்லாம் காட்டிக்கொண்டிருந்தாய். உன் நைனாவுக்குப் பத்தடி தள்ளி எதுவும் தெரியாது. செங்கொடி அந்தப் பெரிய மஞ்சள் கோட்டை இழுத்துக்கொண்டு அவரிடமே போய்விட்டாள். “அங்கிள், இது இன்னா மீனு வல?” என்று கேட்டாள். ஊசி போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கால் முதல் தலை வரைக்கும் பார்த்தார். எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று பார்த்தார் ஜோதிகா, பெற்றவன் மட்டும்தான் அப்படிப் பார்ப்பான். அப்புறம், தமிழ் தெரியாது என்று கையை ஆட்டினார்.

அவளுக்குப் பின்னால் நான் நிற்பதைக் கண்டார். எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் லேசாக ஆட்டினார். வேண்டாம், சொல்லாதே என்று.

நான் அவர் பெயரைச் சொல்லியிருந்தால் வந்திருப்பார். அது எனக்குத் தெரியும். உன் நைனா ஓடி வந்து கட்டிக்கொண்டிருப்பார், நீ அழுதிருப்பாய், ரயிலில் நான்கு பேராகத் திரும்பியிருப்போம். ஆனால் பெண்ணே எதிரில் வந்து நின்றும் தானாக எழுந்து வராத ஆளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நான் என்ன செய்ய? ‘இல்ல, வேற ஆளு’ என்றேன். அவர் கேட்டதைத்தான் செய்தேன். ஊருக்கு வந்த பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இந்த வீட்டில் இத்தனை வருடம் டீசல் வாசனையோடு வந்து சுவரோரம் உட்கார்ந்தது யார் என்று நினைத்து நினைத்து அழுதேன். உயிரோடு இருக்கிற ஆள் எப்படி வருவார்? யாரோ வந்தார்கள். இப்போதும் வருகிறார்கள். உன் நைனா இன்னும் கூப்பிடுகிறார். நான் மட்டும் அந்தச் சுவரோரம் அவருக்கென்று பாய் போடுவதை விட்டுவிட்டேன்.

உன் அண்ணன் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். மங்கம்மா அக்காவின் அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான். நாங்கள் திரும்பியபோது அந்தம்மா வாசலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் இல்லாத நாளெல்லாம் ஒரு வேளைகூடத் தன் வீட்டில் போய்ச் சாப்பிடவில்லையாம். “பம்பாயில இன்னா பாத்த?” என்று கேட்டார். “மழதான்க்கா” என்றேன்.

கருமாதி அன்றைக்கு மங்கம்மா அக்காதான் முதலில் வந்தார். சட்டைக்கு முன்னால் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார். “ரஞ்சித்து, உன்ன எவ்ளோ திட்டிகீறேன்டா. நீ எங்கியோ உசுரோட கீற, எனுக்கு பயந்துகினு ஒளிஞ்சிகினு கீறன்னு நெனச்சிகினு இருந்தேன்டா. நீயும் அன்னிக்கே பூட்டியாடா? எம்புள்ளைய தனியா அனுப்பாம கூடவே பூட்டியேடா, நல்லா இருடா நீ. இனிமே உன்ன ஒண்ணியும் கேக்கமாட்டேன்” என்றார். அப்புறம் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “அவன நா தப்பா நெனச்சிட்டேம்மே, மன்னிச்சிக்கோ” என்று என்னிடம் கேட்டார். என்னிடம்! நான், சரிக்கா என்றேன். அன்று ராத்திரியிலிருந்து அந்தம்மா நன்றாகத் தூங்குகிறாராம். மருமகள் சொன்னாள்.

எந்தத் துறையிலாவது, எந்த மழையிலாவது உன் அண்ணன் மறுபடி உன் கண்ணில் பட்டால், நான் சொன்னதாக இதைச் சொல்லிவிடு. செங்கொடி படிக்கிறாள். மாமா நன்றாக இருக்கிறார். மங்கம்மா அக்கா மன்னித்துவிட்டார். அதனால் இனிமேல் அவர் இந்த ஊருக்குத் திரும்பி வரவே முடியாது.

மோகனப்ரியா